ரெண்டே ஸ்வரம்... பதறும் நெஞ்சு! த்ரில்லர் படங்களின் பின்னணி இசை நம்மை எப்படி சீட் நுனிக்குத் தள்ளுகிறது?

'ஜாஸ்' படத்தின் முதல் காட்சியை போனில் போட்டு, மியூட் பண்ணிப் பாருங்கள். இரவு நேரம், அமைதியான கடல், நீந்தப் போகும் ஒரு பெண். அவள் தாக்கப்படும்போதுகூட சுறா திரையில் தலையைக் காட்டுவதில்லை. இப்போது மியூட்டை எடுத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். அதே கடல், அதே பெண். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே காலை மேலே இழுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும்.

1975-ல் வந்த இந்தப் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்டது பெரிய ட்யூன் எல்லாம் இல்லை. பியானோவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டைகள், அவ்வளவுதான். முதன்முதலில் அவர் வாசித்துக் காட்டியபோது, ஏதோ விளையாட்டுக்குச் செய்கிறார் என்று இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சிரித்துவிட்டார். பிறகு அந்த இசைக்குத்தான் ஆஸ்கர் விருது கிடைத்தது.

அப்போ பரபரப்பு எங்கிருந்து வருது? மெட்டில் இருந்து இல்லை. தாளத்தில் இருந்தும், 'டெக்ஸ்சர்' என்று இசைக்காரர்கள் சொல்லும் ஒலியின் தன்மையில் இருந்தும்தான். பட்டும் சாக்கும் ஒரே நிறத்தில் இருந்தாலும் தொட்டால் வித்தியாசம் தெரியும் இல்லையா? அதேபோல ஒரே ஸ்வரம் புல்லாங்குழலில் வந்தால் ஒரு உணர்வு, டபுள் பாஸில் வில்லை அழுத்தி இழுத்தால் வேறு உணர்வு.

சுறா எவ்வளவு தூரத்தில் இருக்கு?

ஜாஸில் தாளம்தான் தூரத்தைச் சொல்கிறது. முதலில் அடித்தொண்டை ஒலியில், இடைவெளி விட்டு விட்டு வரும். சுறா நெருங்க நெருங்க வேகம் கூடும், வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேரும், சத்தமும் ஏறும். கண்ணுக்குத் தெரியாத மிருகத்தைக் காது அளந்து கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு வேலையும் இருக்கிறது. இரண்டு சிறுவர்கள் அட்டையில் துடுப்பு செய்து கடற்கரையையே அலறவிடும் காட்சியில் அந்த இசை வராது. அதாவது, இசை வந்தால் சுறா வரும், வராவிட்டால் வராது என்று படம் நம்மைப் பழக்குகிறது. பிறகு படகில் இருந்து இரை அள்ளிப் போடும் காட்சியில், எந்த முன்னறிவிப்பு இசையும் இல்லாமல் சுறா சட்டென்று வாயைப் பிளந்து எழும். நம்பவைத்து ஏமாற்றும் இடம் அது. தியேட்டரே துள்ளியதற்கு அங்கே இசை இல்லாததும் ஒரு காரணம்.

தகிட தகிட தக தக

நம் காலுக்கு நாலு எண்ணிக்கை பழக்கம். பெரும்பாலான சினிமாப் பாட்டு நாலில்தான் போகும். அதை உடைத்தால் உடம்பு தடுமாறும். 1966-ல் தொடங்கிய 'மிஷன் இம்பாசிபிள்' தொடருக்கு அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின் போட்ட இசை ஐந்து எண்ணிக்கை. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் கண்டம். 'தகிட தகிட தக தக' என்று வாயால் சொல்லிப் பாருங்கள், அந்தத் தீம் அப்படியே வந்துவிடும். நீளம், நீளம், குட்டை, குட்டை. (மோர்ஸ் கோடில் இரண்டு நீளம் என்றால் 'எம்', இரண்டு குட்டை என்றால் 'ஐ'. கணக்கு சரியா வருது பாருங்க!) 1996 திரைப்படத்துக்காக யு2 இசைக்குழுவைச் சேர்ந்த இருவர் இதை நாலு எண்ணிக்கைக்கு மாற்றி வாசித்தார்கள். ஆட வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் படியில் ஒரு அடி தவறிய அந்தப் பதற்றம் அதில் காணோம்.

இதே 'தகிட தகிட தக தக'வோடு இன்னொரு 'தகிட' சேர்த்தால் 13. அதுதான் 1984-ல் வந்த 'டெர்மினேட்டர்' தாளம். பிராட் ஃபீடல் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சின்தசைசரில் கையால் லூப் போடும்போது பட்டனைக் கொஞ்சம் முன்னே பின்னே அழுத்திவிட்டார். திருத்தாமல் அப்படியே விட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று சரியில்லாத மாதிரி இருக்கும். துரத்தி வரும் இயந்திரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அதில் வரும் 'டங்' என்ற உலோகச் சத்தம் எது தெரியுமா? வீட்டு இரும்பு வாணலியை மைக் முன்னால் தட்டியது!

வயலின் மட்டும் போதும்

டெக்ஸ்சருக்கு இன்றுவரை எல்லோரும் காட்டும் உதாரணம் 1960-ல் வந்த 'சைக்கோ'. பெர்னார்ட் ஹெர்மன் டிரம்ஸ், டிரம்பெட் எதையும் தொடவில்லை. தந்தி வாத்தியங்கள் மட்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு கறுப்பு வெள்ளை ஒலி என்பது அவர் கணக்கு. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்கவில்லை, எழுதிக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் மனம் மாறினார். இசையமைப்பாளர் அன்று தலையாட்டியிருந்தால், உலகமே அறிந்த அந்தக் கீச்சொலி இருந்திருக்காது.

கவனித்துக் கேளுங்கள். வயலின்கள் உச்சத்தில் கீறலாக ஆரம்பிக்கும், கீழ் ஸ்தாயி வாத்தியங்கள் அடுத்தடுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். கத்திக்குத்து முடிந்ததும் கனமான கீழ் ஒலி. அதன்பின் இசை நின்று, ஷவர் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

2017-ல் வந்த 'டன்கிர்க்' படத்தில் கிறிஸ்டோபர் நோலன் தன் கடிகாரத்தின் டிக் டிக் ஒலியைப் பதிவு செய்து ஹான்ஸ் ஜிம்மருக்கு அனுப்பினார். அந்தத் துடிப்பின் மேல் 'ஷெப்பர்ட் டோன்' என்ற காது மயக்கம். ஒரே ஒலி பல ஸ்தாயிகளில் சேர்ந்து ஏறும். மேலே போனது மெதுவாக மங்கும்போதே கீழே புதிதாக ஒன்று முளைக்கும். முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே இருப்பதாக மூளை நம்பிவிடும்.

குறும்படம் எடுக்கிறீர்களா?

லேப்டாப்பிலேயே ரீ-ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. சினிமா, நொடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 120 அடி என்று கிளிக் வைத்தால் சரியாக 12 ஃபிரேமுக்கு ஒரு அடி விழும். எடிட் எங்கே வெட்டுகிறது, நடிகரின் கால் எந்த வேகத்தில் விழுகிறது என்று முதலில் எண்ணிவிட்டு வேகத்தை முடிவு செய்யுங்கள். எல்லா வெட்டிலும் அடி விழுந்தால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும், முக்கியமான ஒன்றிரண்டு போதும்.

அடுத்து, எடுத்த எடுப்பிலேயே எல்லா டிராக்கையும் திறந்துவிடாதீர்கள். 'பிஜிஎம் காதைக் கிழிக்குது' என்ற புகார் பெரிய படங்களுக்கே வருவது இதனால்தான். முதல் நிமிடத்திலேயே உச்சத்தில் இருந்தால் கிளைமாக்ஸுக்கு ஏற இடம் ஏது? வசனம் வரும் இடத்தில் குரலின் உயரத்திலேயே வயலினை வைக்காமல், கீழே ஒரு துடிப்பை மட்டும் ஓடவிடுங்கள்.

இசையே வேண்டாம் என்ற முடிவும் கையில் இருக்கிறது. கௌதம் வாசுதேவ் மேனன் 2011-ல் எடுத்த 'நடுநிசி நாய்கள்' பின்னணி இசையே இல்லாமல் வந்த படம். ஹெட்போனில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், காலடியும் கதவுச் சத்தமும் என்ன வேலை செய்கின்றன என்று தெரியும்.