கண்ணாடிக்கு இடமில்லாத துப்பாக்கி: எஸ்.எல்.ஆர். முதல் உக்ரம் வரை

கட்கி என்ற ஊரை ஆங்கிலேயர் கிர்க்கி என்று எழுதினார்கள். புனேயை ஒட்டிய அந்தக் கன்டோன்மென்டில் 1869-இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை, அந்த உச்சரிப்பைப் பித்தளையில் பதித்து உலகெங்கும் அனுப்பிவிட்டது. பழைய .303 தோட்டாவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் அடியில் கே.எஃப். என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும்: கிர்க்கி ஃபேக்டரி. அமெரிக்காவில் ராணுவ உபரிச் சாமான் வாங்கிச் சேர்ப்பவர்கள் அந்த எழுத்துகளை நன்றாக அறிவார்கள். விசையை இழுத்து ஒரு கணம் கழித்து வெடிக்கும் தோட்டா என்ற அவப்பெயரும் கூடவே அவர்களுக்குத் தெரியும்.

துல்லியம் பற்றிய ஆய்வைத் தோட்டாவில் தொடங்குவதே வழக்கம், அடுத்தது குழல். இரண்டைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் படைத் துப்பாக்கியில் தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, எதன்மேல் உட்காரவைப்பது என்ற கேள்விக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. இந்தியாவில் அந்தக் கேள்விக்கான விடை, தெரிந்தோ தெரியாமலோ, புனேயின் வரைபலகைகளில் எழுதப்பட்டது. கண்ணாடியின் தரத்தைவிட அது உட்காரும் இடமே இந்த வரலாற்றை நடத்தியது என்பது என் வாதம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கும். ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு பிடிகளுக்கு இடையே 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்பிடி மட்டும் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம், பக்கவாட்டில் நகர்ந்தால் 300 மீட்டர் தூரத்தில் குண்டு 20 சென்டிமீட்டர் விலகி விழும். துப்பாக்கியைத் துடைக்க ஒரு மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினால் அவ்வளவு நகர்வு சர்வசாதாரணம். சிப்பாய்கள் ‘ஜீரோ போய்விட்டது’ என்று சொல்வது இதைத்தான்.

கையால் போல்ட்டை இழுக்கும் காலத்தில் இந்தச் சிக்கல் சிறியது. இரண்டாம் உலகப் போரில் வந்த நம்பர் 4 (டி) துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். சோதனையில் நன்றாகச் சுட்ட .303 துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்து, லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 20,000-க்கும் மேற்பட்டவற்றை மாற்றியமைத்தது. துப்பாக்கியின் உடலான ரிசீவரின் இடப்பக்கத்தில் இரண்டு எஃகுத் தளங்களை வைத்துத் திருகி, ஈயப்பற்று இட்டு, அவற்றின்மேல் 3 மடங்கு பெரிதாக்கும் நம்பர் 32 ஸ்கோப்பைப் பூட்டினார்கள். கட்டையின் கைப்பிடிப் பகுதியில், கட்டைவிரல் படியும் இடத்துக்கு அருகே, அந்த ஸ்கோப்பின் எண்ணை அடித்துவைத்தார்கள். ஸ்கோப்பைத் தாங்கும் பிடியில் துப்பாக்கியின் எண் இருக்கும். இந்த ஸ்கோப் இந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான். ஒன்றை எடுத்து இன்னொன்றில் மாட்டினால் கணக்கே மாறிவிடும். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியப் படை இதே ஜோடியைப் பயன்படுத்தியது. மரத்தில் அடித்த அந்த எண், என் கண்ணுக்கு, இத்துறையின் மிக நேர்மையான ஆவணம்.

தானியங்கி முறை வந்ததும் இந்த ஒழுங்கு கலைந்தது. அமெரிக்காவின் எம்1 கேரண்டில் 8 தோட்டாக்கள் அடங்கிய கிளிப்பை மேலிருந்து அழுத்த வேண்டும். தோட்டா தீர்ந்ததும் காலிக் கிளிப் மேலேயே துள்ளி விழும். ஆகவே மேலே எதையும் வைக்க வழியில்லை. எம்1சி வடிவத்தில் ரிசீவரின் இடப்பக்கம் துளையிட்டார்கள். எம்1டியில் குழலின் பின்முனையில் ஒரு கட்டியை ஏற்றி அதன்மேல் ஸ்கோப்பைப் பொருத்தினார்கள். இரண்டிலும் ஸ்கோப் இடப்பக்கம் தள்ளியே இருந்ததால், கன்னம் அதற்கு நேராக வர, கட்டையில் தோல் திண்டு ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. ரஷ்ய எஸ்.கே.எஸ். பின்னாளில் மலிவு விலை உபரியாக அமெரிக்கக் கடைகளில் குவிந்தபோது, அதன் மேல்மூடிக்குப் பதிலாக ஸ்கோப் தாங்கும் மூடி விற்றார்கள். மூடியோ ஓர் ஊசியில் நிற்பது. சுடச்சுட ஆடியது. வாங்கியவர்கள் ஸ்கோப்பைத் திட்டினார்கள். பாவம், ஆடியது மூடி.

இந்தியாவின் கதை இங்கிருந்து புனேக்கு வருகிறது. 1958-இல் அமைந்த ஆயுத ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.டி.இ.க்கு இன்று பாஷானில் இடம். பெல்ஜிய எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் வெவ்வேறு நாட்டு மாதிரிகளைப் பிரித்துப் பார்த்து இந்நிறுவனம் வரைந்ததுதான் 1ஏ1. இஷாப்பூர் ஆலை அதை உற்பத்தி செய்தது. நாம் அறிந்த பெயர் எஸ்.எல்.ஆர். 7.62 மில்லிமீட்டர், 20 தோட்டா, விசைக்கு ஒரு குண்டு. பிரிட்டிஷ் அங்குல அளவும் பெல்ஜிய மெட்ரிக் அளவும் கலந்த சொந்த வடிவம் என்பதால், அந்த இரண்டு வகைகளின் உதிரிப்பாகங்களும் இதில் முழுமையாகப் பொருந்தா.

இந்தத் துப்பாக்கியின் உடலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். குழல் மேல் ரிசீவரில் திருகப்பட்டிருக்கிறது. குறிபார்க்க உதவும் முன் சைட் குழலோடு சேர்ந்த வாயுக் கட்டியில் நிற்கிறது. பின் சைட்டோ கீழ் ரிசீவரில். இரண்டு ரிசீவர்களையும் இணைப்பது ஒரு கீலும் ஒரு பூட்டும். பூட்டு தேய்ந்த பழைய எஸ்.எல்.ஆரில் ரிசீவரைப் பிடித்து அசைத்தால் லேசான தளர்ச்சியைக் கையிலேயே உணரலாம். அந்தத் தளர்ச்சி முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மேலே இருப்பது பின்பக்கமாக உருவி எடுக்கும் மெல்லிய தகட்டு மூடி. தூசி புகாமல் தடுக்க வந்த தகடு அது. ஸ்கோப் வைக்கும் எண்ணம் வடிவமைத்தவர்களுக்கு இல்லை. அன்றைய காலாட்படைக்கு இரும்பு சைட் போதும் என்பது எல்லா நாட்டிலும் பொதுக் கருத்தாக இருந்ததால், குற்றம் சொல்லவும் முடியாது.

பிரிட்டன் தன் எஸ்.எல்.ஆரில் இதற்கு ஒரு விடை கண்டது. 1970களில் வந்த, 4 மடங்கு காட்டும் சூட் என்னும் ஸ்கோப்பை வழக்கமான தகட்டுக்குப் பதிலாக வேறு மூடி போட்டு அதன்மேல் ஏற்றினார்கள். குறிமுள் கீழிருந்து எழாமல் மேலிருந்து தொங்கும். வட அயர்லாந்தில் அது பயன்பட்டது. சாதாரணச் சிப்பாய்க்கு 300 மீட்டரில் ஒரு மனிதனைத் தெளிவாகக் காட்டவே அந்தக் கருவி. தொலைதூரக் குறிகாரருக்குப் பிரிட்டன் போல்ட் துப்பாக்கியையே வைத்துக்கொண்டது. மூடிமேல் ஸ்கோப் எவ்வளவு தாங்கும் என்பதை அவர்கள் தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

1980களில் ஏ.ஆர்.டி.இ. 5.56 மில்லிமீட்டர் இன்சாஸை வடிவமைத்தது. எஃப்.ஏ.எல்.லிலிருந்து வாயுச் சீராக்கியையும் கலாஷ்னிகோவிலிருந்து தகட்டு உடலையும் எடுத்துக்கொண்ட கலவை அது. திருச்சி நாவல்பட்டு ஆலையிலும் அது தயாரானது என்பது தமிழ் வாசகருக்கு நெருக்கமான செய்தி. கார்கில் குளிரில் மேகசின் விரிசல் விட்டதைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. இன்சாஸில் பின் சைட்டே மேல்மூடியின் பின்முனைக்கு ஏறிவிட்டது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி கூடினால் குறி கூர்மையாகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கழற்றி மாட்டும் பாகத்தில் சைட்டை வைத்தால், துல்லியத்தின் பொறுப்பு மூடியின் பிடிப்புக்குப் போய்விடுகிறது. எஸ்.எல்.ஆரில் ஸ்கோப்புக்கு மட்டும் இருந்த சிக்கலை இன்சாஸ் இரும்பு சைட்டுக்கும் கொடுத்தது என்றே சொல்வேன்.

தொலைதூரக் குறிகாரருக்கு இந்தியா ரஷ்யாவின் டிராகுனோவை வாங்கியது. அதன் ரிசீவரின் இடப்பக்கச் சுவரிலேயே ஒரு தண்டவாளம் (ரெயில்) உண்டு. 4 மடங்கு பி.எஸ்.ஓ.-1 ஸ்கோப் அதில் சறுக்கி ஏறிப் பூட்டிக்கொள்ளும். மேல்மூடியைத் திறந்தாலும் மூடினாலும் ஸ்கோப்புக்குச் சம்பந்தமில்லை. 1963-லேயே ரஷ்யர்கள் கண்ட எளிய விடை இது.

படையிலிருந்து விலகிய எஸ்.எல்.ஆர்.கள் எங்கே போயின? அமெரிக்காவில் உபரி கேரண்டைப் பொதுமக்கள் வாங்கலாம், ஸ்கோப் மாட்டலாம், சனிக்கிழமை போட்டியில் சுடலாம். இங்கே 1959-இன் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் அந்தக் கதவை மூடிவிட்டன. படைத் தோட்டா பொருந்தும் துளைவிட்டமே தடைப்பட்டியலில். அதனால்தான் உரிமம் பெற்ற குடிமகனுக்கு இஷாப்பூர் .315 போல்ட் துப்பாக்கியைத் தனியாகச் செய்துகொடுத்தது. எஸ்.எல்.ஆரோ காவல்துறைக்குப் போனது, த்ரீ நாட் த்ரீ அதற்கு முன்பே போன வழியில். பந்தோபஸ்து வேலையில் ஸ்கோப் யாருக்கு வேண்டும்? வெளிநாட்டில் உபரித் துப்பாக்கிக்காரர்கள் கேரேஜில் செய்து பார்த்த ஆயிரம் பரிசோதனைகள் இந்தியாவில் நடக்கவே இல்லை. வடிவமைப்பாளருக்குக் கீழிருந்து வர வேண்டிய நச்சரிப்பும் வரவில்லை.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 2019-இல் இந்தியா 72,400 சிக் 716 துப்பாக்கிகளை ஆர்டர் செய்தது. 2024-இல் இன்னும் 73,000. மறுபடி 7.62 தோட்டா, ஆனால் இப்போது மேல் ரிசீவரே கடைந்தெடுத்த அலுமினியம், அதன் முதுகோடு ஒட்டியது ரெயில். குழல் எதில் நிற்கிறதோ அதிலேயே ஸ்கோப்பும் நிற்கிறது. அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏகே-203 இன்னொரு விடையைச் சொல்கிறது: ரெயில் மூடிமேல்தான், ஆனால் மூடி கீலில் மாட்டி இறுகப் பூட்டிக்கொள்கிறது. சிவப்புப் புள்ளிக் குறிக்கருவிக்கு அது தாராளம். 600 மீட்டருக்கு நானாக இருந்தால் முதல் வகையைத்தான் நம்புவேன்.

2024 ஜனவரியில் புனேயில் ஏ.ஆர்.டி.இ. உக்ரம் என்ற துப்பாக்கியை வெளியிட்டது. ஹைதராபாத்தின் துவீபா ஆர்மருடன் சேர்ந்து செய்தது. 7.62 மில்லிமீட்டர், 4 கிலோவுக்குக் குறைவான எடை, 500 மீட்டர் தூரம், 20 தோட்டா மேகசின். எண்களை மட்டும் பார்த்தால் எஸ்.எல்.ஆர். சற்று இளைத்துத் திரும்பி வந்ததுபோல இருக்கும். படத்தில் பார்த்தால் முதுகு நெடுக ரெயில் ஓடுகிறது.