கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு

கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு என்பது தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம், இராதாபுரம் வட்டத்தில் அமைந்துள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் இரண்டு உலைகளை இயக்குவதற்கு எதிராகத் தொடரப்பட்டு, 2013 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தால் தீர்க்கப்பட்ட வழக்கு ஆகும். சட்ட ஏடுகளில் இது சுந்தரராஜன் எதிர் இந்திய ஒன்றியம் எனக் குறிக்கப்படுகிறது. வழக்கைத் தொடுத்த ஜி. சுந்தரராஜன் பூவுலகின் நண்பர்கள் என்னும் சூழலியல் அமைப்பைச் சேர்ந்தவர். நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு உலைகளை இயக்கத் தடை விதிக்க மறுத்தது. அதே வேளையில் அரசும் நிலைய நிர்வாகமும் பின்பற்ற வேண்டிய 15 கட்டளைகளையும் பிறப்பித்தது.

அணு உலை நல்லதா தீயதா என்னும் வாதமாகவே இவ்வழக்கு பலராலும் நினைவுகூரப்படுகிறது. அரசமைப்புச் சட்டத்தைப் பயில்வோருக்கு இதன் முதன்மை வேறிடத்தில் உள்ளது. அரசும் அதன் வல்லுநர்களும் முடிவெடுத்துவிட்ட ஒரு பொருளை நீதிமன்றம் எவ்வளவு தூரம் திறந்து பார்க்கலாம் என்பதே வழக்கின் மையக் கேள்வி. அதற்குத் தீர்ப்பு அளித்த விடை இன்றளவும் விவாதிக்கப்படுகிறது.

பின்னணி

கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு உலைகளை அமைப்பதற்கான உடன்பாட்டில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1988 நவம்பரில் கையெழுத்திட்டன. அப்போது இராஜீவ் காந்தி இந்தியப் பிரதமராகவும் மிக்கைல் கொர்பச்சேவ் சோவியத் தலைவராகவும் இருந்தனர். நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1989 மே மாதத்தில் அனுமதி வழங்கியது. சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்ததால் திட்டம் முடங்கியது. 1998-ல் உருசியாவுடன் துணை உடன்பாடு ஏற்பட்ட பின்னர், 2002-ல் கட்டுமானம் தொடங்கியது.

இந்த இடைவெளியில் திட்டம் இரு வகைகளில் மாறியிருந்தது. முதல் உடன்பாட்டின்படி, பயன்படுத்தப்பட்ட எரிபொருள் சோவியத் ஒன்றியத்திற்கே திருப்பி அனுப்பப்பட வேண்டும். 1998-க்குப் பின் அது இந்தியாவிலேயே வைக்கப்படும் என்றாயிற்று. குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை அணையிலிருந்து நன்னீர் கொண்டுவரும் திட்டம் கைவிடப்பட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அமைக்கப்பட்டன. இவற்றுக்கிடையே, 1994 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்பது அதன் வழியே பின்னர்தான் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே முதல் இரண்டு உலைகளுக்காக அப்பகுதி மக்களிடம் முறைப்படியான கருத்துக் கேட்பு நடைபெறவே இல்லை.

2011 மார்ச்சில் சப்பானின் புக்குசிமாவில் நேர்ந்த விபத்து நிலைமையை மாற்றியது. இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல் முதலிய கடற்கரை ஊர்களின் மீனவ மக்கள் பெருந்திரளாகப் போராட்டத்தில் இறங்கினர். இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகம் தொடர் உண்ணாநிலைப் போராட்டத்தின் களமாயிற்று. மக்களின் அச்சம் நீங்கும் வரை பணிகளை நிறுத்தி வைக்குமாறு தமிழ்நாடு அமைச்சரவை 2011 செப்டம்பரில் தீர்மானம் இயற்றியது. 2012 மார்ச்சில் அதே அமைச்சரவை பணிகளைத் தொடர இசைவு தந்தது. எனினும் இவ்விரு தீர்மானங்களுக்கும் சட்ட வலிமை குறைவே. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் அணுசக்தி ஒன்றியப் பட்டியலில் இடம்பெறுகிறது. அதன்மீது சட்டம் இயற்றவும் முடிவெடுக்கவும் மாநிலத்திற்கு அதிகாரம் இல்லை. சட்டமன்ற வழியும் மாநில அரசின் வழியும் இவ்வாறு அடைபட்டிருந்த நிலையில், போராடிய மக்களுக்கு எஞ்சியது நீதிமன்றம் ஒன்றே.

நீதிப்புனராய்வும் அதன் எல்லையும்

அரசின் செயல்கள் அரசமைப்புக்கும் சட்டத்திற்கும் உட்பட்டவையா என ஆராயும் அதிகாரம் நீதிப்புனராய்வு எனப்படும். இதனை 32 ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்திற்கும் 226 ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்கும் வழங்குகின்றன. ஒரு முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை நீதிமன்றம் ஆராயலாம். அம்முடிவு அறிவுடையதா என்பதை ஆராய்வது அதன் வேலையன்று என்பது நெடுநாள் மரபு. சட்டம் கேட்கும் அனுமதி பெறப்பட்டதா, கருதத்தக்கவை கருதப்பட்டனவா, ஒருதலைச் சார்பு இருந்ததா என்பன முதல் வகைக் கேள்விகள். நாட்டிற்கு அணுமின்சாரம் தேவையா என்பது இரண்டாம் வகைக் கேள்வி.

இக்கோடு எளிதாகத் தோன்றினாலும் 21 ஆம் பிரிவு அதனைச் சிக்கலாக்குகிறது. அப்பிரிவு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையில் தூய சூழலில் வாழும் உரிமையும் அடங்கும் என உச்ச நீதிமன்றமே பல தீர்ப்புகளில் விரித்துரைத்துள்ளது. வட ஆற்காட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான 1996 ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தீங்கு நேருமா என்பதில் அறிவியல் உறுதி இல்லாதபோது, தீங்கு நேராது என மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலை நடத்துபவரையே சாரும் என்பது அக்கொள்கையின் சாரம். ஓர் உலை பாதுகாப்பானதா என்பது இதன்படி வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. அடிப்படை உரிமை சார்ந்த கேள்வியாகவும் அது ஆகிவிடுகிறது.

உயர் நீதிமன்றத்தில்

புக்குசிமா விபத்துக்குப் பின் இந்திய உலைகளை மீளாய்வு செய்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கூடங்குளத்தில் கூடுதலாகச் செய்ய வேண்டிய 17 பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தது. அவை அனைத்தும் நிறைவேறுமுன் எரிபொருள் நிரப்பக் கூடாது என்பது மனுதாரரின் முதன்மை வேண்டுகோள். புதிய சுற்றுச்சூழல் அனுமதி பெறப்படவில்லை என்பதும் எடுத்துரைக்கப்பட்டது. நீதிபதிகள் பி. ஜோதிமணி, பி. தேவதாஸ் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2012 ஆகஸ்ட் 31 அன்று மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அடுத்த சில நாட்களில், செப்டம்பர் 10 அன்று, இடிந்தகரைக் கடற்கரையில் திரண்டிருந்த மக்கள்மீது காவல்துறை தடியடி நடத்திக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. அன்று மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். மேல்முறையீட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம் எரிபொருள் நிரப்பலுக்கு இடைக்காலத் தடை விதிக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலேயே அப்பணி தொடங்கிவிட்டது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

அணுசக்தியை மின்னாக்கத்திற்குப் பயன்படுத்துவது 1962 ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் வழியே நாடாளுமன்றம் ஏற்ற தேசியக் கொள்கை என்றும், அதன் நன்மை தீமைகளை எடைபோடுவது நீதிமன்றத்தின் பணியன்று என்றும் தீர்ப்பு தொடங்குகிறது. வல்லுநர் குழுக்கள் பலவும் நிலையம் பாதுகாப்பானது எனக் கூறியிருப்பதை அது விரிவாக எடுத்துக்காட்டுகிறது. 1989 ஆம் ஆண்டின் அனுமதி செல்லும், 1994-க்குப் பிந்தைய நடைமுறைகள் இவ்வுலைகளுக்குப் பொருந்தா, ஆகவே கருத்துக் கேட்பு தேவையில்லை என்பது அடுத்த முடிவு. 17 பரிந்துரைகளில் பெரும்பாலானவை நிறைவேறிவிட்டன என்றும் எஞ்சியவை நீண்டகாலத்திற்குரியவை என்றும் கூறப்பட்ட விளக்கத்தை அமர்வு ஏற்றது. அபாயம் முற்றிலும் சுழியமாக இருக்க முடியாது என்று தனியே எழுதிய இணக்கத் தீர்ப்பில் குறிப்பிட்ட நீதிபதி தீபக் மிஸ்ரா, பாதுகாப்பில் தளர்வு கூடாது என்பதை வலியுறுத்தினார்.

தீர்ப்பின் ஒரு வாக்கியம் தனித்துச் சுட்டத்தக்கது. சமூகத்தின் பரந்த நலனையும் தனிமனிதரின் உயிர்வாழும் உரிமை குறித்த அச்சத்தையும் ஒப்பிடும் அவ்வாக்கியத்தை ஆங்கில மூலத்தில் எழுதப்பட்டவாறே படித்தால், பொதுநலனே தனிமனித அச்சத்திற்கு வழிவிட வேண்டும் எனப் பொருள்படுகிறது. அதன் முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் இதற்கு நேர் எதிரான கருத்தையே கூறுகின்றன. எனவே இது சொற்பிழை என்றே கொள்ளப்படுகிறது. ஆயினும் ஒரு வழக்கின் உயிர்நாடியான இடத்தில் இத்தகைய பிழை நேர்ந்திருப்பது வியப்பிற்குரியதே.

15 கட்டளைகள்

கொள்கையில் தலையிடாது என்று அறிவித்த நீதிமன்றம், கட்டளைகளின் வழியே நிலையத்தின் அன்றாட நிர்வாகத்தை நெருங்கிச் சென்றது. உதிரிப் பாகங்களின் தரம் குறித்து ஒழுங்குமுறை வாரியம், இந்திய அணுமின் கழகம், அணுசக்தித் துறை ஆகியவை இறுதி ஒப்புதல் தந்து, அதன் அறிக்கையை நீதிமன்றத்தில் அளித்த பின்னரே உலை இயங்க வேண்டும் என்பது முதன்மையானது. பயன்படுத்தப்பட்ட எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் சேமிப்பகம் ஐந்து ஆண்டுகளுக்குள் அமைக்கப்பட வேண்டும், நிலையான ஆழ்நிலப் புதைவிடத்திற்கான முயற்சிகள் விரைவுபடுத்தப்பட வேண்டும், பேரிடர்க்கால வெளியேற்ற ஏற்பாடுகளும் பயிற்சியும் செய்யப்பட வேண்டும் என்பன பிற. போராட்டக்காரர்கள்மீது தொடரப்பட்ட குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் ஒரு கட்டளை. இப்பகுதி மக்களின் அன்றாட வாழ்வை உடனடியாகத் தொட்ட கட்டளை இதுவே. அரசு பல வழக்குகளைப் பின்னர் திரும்பப் பெற்றது.

விமர்சனங்கள்

தீர்ப்பை ஏற்போர், நீதிபதிகளுக்கு அணு இயற்பியல் பயிற்சி இல்லை என்பதையும், மக்களால் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் எரிசக்திக் கொள்கையை வகுப்பது மக்களாட்சிக்குப் பொருந்தாது என்பதையும் சுட்டுகின்றனர். 2000 ஆம் ஆண்டின் நருமதை அணை வழக்கிலும் பெரும்பான்மைத் தீர்ப்பு இவ்வழியே சென்றது. உரிய ஆய்வுகள் இன்றியே அனுமதி வழங்கப்பட்டதாக அவ்வழக்கில் நீதிபதி எஸ். பி. பரூச்சா மறுப்புத் தீர்ப்பு எழுதினார். செருமனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் கால்கர் உலை பற்றிய 1978 ஆம் ஆண்டு முடிவில், எஞ்சிய சிறு அபாயத்தைக் குடிமக்கள் ஏற்றாக வேண்டும் என்றும், அணுசக்தி பற்றிய அடிப்படை முடிவு நாடாளுமன்றத்திற்கு உரியது என்றும் கூறியது. மாறாக, சப்பானின் புக்குயி மாவட்ட நீதிமன்றம் 2014-ல் ஓயி உலைகளை இயக்கத் தடை விதித்தது. அத்தடை 2018-ல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வல்லுநர்களைப் பற்றியது. நீதிமன்றம் வல்லுநர் கருத்துக்குப் பணிவது சரியே என்று கொண்டாலும், அவ்வல்லுநர்கள் அரசிடமிருந்து விலகி நிற்பவர்களாக இருத்தல் வேண்டும். 1983-ல் அமைக்கப்பட்ட ஒழுங்குமுறை வாரியம், உலைகளை வளர்க்கும் பொறுப்புள்ள அணுசக்தி ஆணையத்தின் கீழேயே இயங்கியது. அதற்குத் தன்னாட்சி இல்லை என இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012 ஆம் ஆண்டின் அறிக்கையில் குறைகூறியிருந்தார். ஒரு நிரலை எழுதியவரின் மேலாளரே அதன் சோதனையாளருக்கும் மேலாளராக இருப்பதற்கு இதனை ஒப்பிடலாம். முன்னெச்சரிக்கைக் கொள்கையைத் தீர்ப்பு பெயரளவில் ஏற்றுக்கொண்டு, மெய்ப்பிக்கும் சுமையை நடைமுறையில் மனுதாரர்மீதே வைத்தது என்பது மற்றொரு குறை. விசாரணை 2012 இறுதியில் முடிந்திருக்க, நான்கு வால்வுகளில் குறைபாடு கண்டறியப்பட்டதாக வாரியம் அறிவித்தது 2013 ஏப்ரலில். மாறிக்கொண்டே இருக்கும் பொறியியல் உண்மைகளை ஒரு நாளில் உறைந்துவிடும் வழக்கு ஆவணம் எப்படிப் பின்தொடரும் என்னும் கேள்வி இதனால் எழுந்தது.

தாமிரபரணி வழக்குகளுடன் ஒப்பீடு

நீதிமன்றங்கள் எப்போதும் இவ்வாறு ஒதுங்கி நின்றதில்லை. இதற்கு வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. அதே மாவட்டத்தின் தாமிரபரணி ஆற்றைப் பற்றிய வழக்குகள் போதும். பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த பொதுநல வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து ஆண்டுகளுக்குத் தடை விதித்தது. மணல் விற்பனை அரசின் வருவாய் சார்ந்த கொள்கை முடிவு என்ற போதிலும் அங்கு நீதிமன்றம் தயங்கவில்லை. கங்கைகொண்டான் தொழில் வளாகத்தின் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் வழங்குவதற்கு 2016 நவம்பரில் அதே கிளை இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீரே வழங்கப்படுகிறது என்று அரசுத் தரப்பு வாதிட்ட அவ்வழக்கு, 2017 மார்ச்சில் வேறோர் அமர்வால் தள்ளுபடி செய்யப்பட்டது.

மணல் வழக்கில் விதிமீறல் கண்ணுக்குத் தெரிந்தது. எந்திரங்களையும் குழிகளையும் எவரும் காணலாம், அளக்கலாம். அரசு தன் நிபந்தனைகளைத் தானே காக்கவில்லை என்பதால் நீதிமன்றம் முதல் வகைக் கேள்வியிலேயே விடை கண்டது. கூடங்குளத்தில் மனுதாரர் சுட்டியதோ இனி நேரக்கூடிய, நேராமலும் போகக்கூடிய தீங்கு. இவ்வேறுபாடு பெரும்பகுதியை விளக்குகிறது, முழுவதையும் அன்று. 1989 ஆம் ஆண்டின் அனுமதி மாறிப்போன ஒரு திட்டத்திற்குப் பொருந்துமா என்பது தூய நடைமுறைக் கேள்வி. அதற்கு விடை காண அணு இயற்பியல் தேவையில்லை. நீதிமன்றம் வேறு முடிவை எட்டியிருக்கக்கூடிய இடம் உண்டெனில் அது இதுவே.

பின்னிகழ்வுகள்

முதல் உலை 2013 ஜூலை 13 அன்று தொடர்வினை நிலையை எட்டி, அவ்வாண்டு அக்டோபரில் மின்தொகுப்புடன் இணைக்கப்பட்டது. இரண்டாவது உலை 2016 ஜூலையில் தொடர்வினை நிலையை எட்டியது. கட்டளைகள் பின்பற்றப்படவில்லை என்று தொடுக்கப்பட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் தள்ளுபடி செய்தது. எரிபொருள் சேமிப்பகத்திற்கு விதிக்கப்பட்ட ஐந்தாண்டுக் கெடு 2018-ல் முடிந்தபோது சேமிப்பகம் அமைந்திருக்கவில்லை. அணுமின் கழகத்தின் வேண்டுகோளை ஏற்று நீதிமன்றம் 2022 ஏப்ரல் வரை காலம் நீட்டித்தது. இச்சேமிப்பகத்தைக் கூடங்குளத்தில் அமைக்க வேண்டாம் என்றும், எரிபொருளை உருசியாவிற்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 பிப்ரவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

ஒழுங்குமுறை அமைப்பிற்குத் தன்னாட்சி தருவதற்காக 2011-ல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட சட்ட முன்வடிவு நிறைவேறாமல் 2014-ல் காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், 1962 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்தது. அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் இச்சட்டம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திற்கு முதன்முறையாகச் சட்டவழி நிலையையும் வழங்குகிறது.