கஞ்சித்தொட்டியும் விதைத் தானியமும்

எங்க ஆயாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேரப்பிள்ளைகளில் எவனாவது அவசரமா அள்ளி அள்ளித் தின்னா, "பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி திங்காதடா, சோறு எங்கயும் ஓடிப் போகாது" என்று சொல்லும். ரொம்ப நாள் வரைக்கும் அது வெறும் திட்டுன்னுதான் நினைச்சிருந்தேன். ஒரு நாள், "எந்தப் பஞ்சம் ஆயா?" என்று கேட்டேன். "தாது வருசப் பஞ்சம்டா. எங்க பாட்டி சொல்லும். நம்ம சேலம் சில்லாவுல பாதி ஊரு காலியாப் போச்சாம்" என்றது.

பாதி என்பது ஆயாவோட கணக்கு. சர்க்கார் கணக்கு இருக்கு. 1871ல் சேலம் ஜில்லாவில் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர். 1881ல் எண்ணும்போது 16 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனம் நாலு லட்சம் குறைஞ்சிருக்கு. செத்தவர்கள் போக, இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு சீமைகளுக்கும் போனவர்களும் இதில் சேர்த்தி.

இந்தப் பஞ்சத்தைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஆயா இல்லை, ஒரு லாரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. டெல்டா சனம் தவிக்குதுன்னு எங்க ஊரில் வசூல் பண்ணி, அரிசி, பருப்பு, போர்வை, பழைய துணி எல்லாம் ஏற்றி ஒரு லாரி எடுத்துக்கிட்டுப் போனோம். நானும் போனேன். பேராவூரணி பக்கம் ஒரு ஊரில் இறக்கினோம். எங்க பையன்கள் மூட்டையைக் கொடுக்கிறப்ப எல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கிட்டாங்க. கடைசியில் ஒரு தென்னை விவசாயி என்கிட்ட வந்து மெதுவா கேட்டார். "அண்ணே, நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. அரிசி இன்னைக்கு வந்த நாலாவது லாரிண்ணே. மரம் அறுக்குற மிஷின் யாராச்சும் கொண்டாந்திருக்கீங்களா? தோப்புல விழுந்து கிடக்கிறதை எடுத்தாத்தான் நான் கன்னு வைக்க முடியும்."

எங்ககிட்ட மிஷின் இல்லை. தென்னங்கன்று வச்சா காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஊர் திரும்புற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனசில் ஓடியது.

நகரத்தில் இருக்கிற நீங்களும் 2015 சென்னை வெள்ளத்தில் இருந்து இந்த வாக்குவாதத்தைப் பார்த்திருப்பீங்க. பணமாக் கொடுக்கிறதா, பொருளாக் கொடுக்கிறதா? அமைப்புகளை நம்பலாமா? எல்லாத்தையும் சர்க்கார்தானே செய்யணும்? கொடுக்கிறவன் எதுக்குப் படம் போடுறான்? இதெல்லாம் நம்ம காலத்துச் சண்டைன்னு நினைச்சேன். தாது வருஷக் கதையைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சது, நூற்று நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே இதே சண்டை, நம்ம மண்ணை வச்சே நடந்திருக்கு.

1876ல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. பெல்லாரி, கர்னூல், கடப்பையில் ஆரம்பிச்சு, சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, செங்கல்பட்டு, மதுரை என்று பரவியது. சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபு. அவர் சர்க்கார் பயந்துபோய், வெளியே தெரியாமல் 30,000 டன் தானியம் வாங்கியது. கல்கத்தாவில் இருந்த வைஸ்ராய் லிட்டன் பிரபுவுக்கு அது பிடிக்கலை. சர்க்கார் தானிய வியாபாரத்தில் தலையிட்டா வியாபாரிகள் ஒதுங்கிடுவாங்க, விலை தானாச் சரக்கைக் கொண்டுவரும் என்பது அவர் கட்சி. ரயில் இருந்தது, சரக்கும் வந்தது. ஆனா கம்பும் ராகியும் விளைவிச்சுத் தின்ற குடியானவன் கையில், அந்த விலைக்கு வாங்கக் காசு இல்லை.

1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் பெரிய தர்பார் நடந்தது. விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிச்சாங்க. அதே மாசம், செலவைக் குறைக்கச் சொல்லி ரிச்சர்டு டெம்பிள் என்கிற அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பினாங்க.

இந்த டெம்பிள் கதை விசித்திரமானது. மூணு வருஷம் முன்னாடி, 1873-74ல், பீகாரில் பஞ்சம் வந்தப்ப பர்மாவில் இருந்து கப்பல் கப்பலா அரிசி இறக்கிச் சனங்களைக் காப்பாத்தினவரே இவர்தான். சாவு மிகக் குறைவு. அதுக்குப் பாராட்டு கிடைச்சிருக்கணும். கிடைச்சது திட்டு. வெட்டிச் செலவு பண்ணிட்டார் என்று லண்டன் பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட்டன. அந்தத் திட்டு மனசில் தங்கிடுச்சோ என்னவோ, சென்னைக்கு வந்த டெம்பிள் வேற ஆள். நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோட கொஞ்சம் சில்லறை போதும் என்றார். இதுக்கு 'டெம்பிள் கூலி' என்றே பேர் வந்துடுச்சு.

சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து நின்றார். ஜெயிலில் இருக்கிற கைதிக்குப் போடுற சோறே இதைவிட அதிகம், பருப்பு இல்லாம வெறும் தானியத்தைத் தின்னுட்டு ஒருத்தன் எப்படி மண்ணு வெட்டுவான் என்பது அவர் வாதம். இரண்டு பேரும் அறிக்கை மேல் அறிக்கையா எழுதினாங்க. ஒருத்தர் கஜானாவைப் பார்த்து அளந்தார், இன்னொருத்தர் ஆளைப் பார்த்து அளந்தார். 1877 நடுவில் சென்னை சர்க்கார் கார்னிஷ் பக்கம் சாய்ந்து கூலியை உயர்த்தியது. அதுக்குள்ள எத்தனையோ பேர் எலும்பும் தோலுமா ஆகியிருந்தாங்க.

நானும் ஆள் விட்டு வேலை வாங்குறவன். கடப்பாரை பிடிக்கிற ஆளுக்கு எவ்வளவு சோறு வேணும்னு எங்க வீட்டு அம்மாவைக் கேட்டா ஒரே வரியில் சொல்லும். அதுக்கு ஒரு கமிஷனரும் ஒரு டாக்டரும் மாசக்கணக்கா எழுதி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சர்க்கார் இப்படி இருந்தப்ப தனி ஆட்கள் சும்மா இல்லை. வடலூரில் வள்ளலார் 1867ல் மூட்டிய தருமசாலை அடுப்பு அப்பவும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. இன்னைக்கும் எரியுது. மாயூரத்தில் முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை தன் கைப்பொருளைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். சென்னைக்காரங்களுக்கு இன்னொண்ணும் சொல்றேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வயசானவங்க 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வாங்க இல்லையா? அந்தப் பேர் இதுக்கும் நூறு வருஷம் முந்தின 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பிச்ச மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வந்தது. அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயை இணைச்ச வெட்டு, தாது வருஷப் பஞ்ச நிவாரண வேலை. பறக்கும் ரயிலில் போறப்ப கீழே தெரியுதே, அந்தக் கால்வாயை வெட்டினது கூலிக்கஞ்சி குடிச்ச கைதான்.

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ சபைகள் உதவின. அந்த வருஷங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தாங்க. சேர்ந்தது நம்பிக்கையாலயா, கஞ்சியாலயா என்று அப்பவே கேள்வி வந்தது. என் அபிப்பிராயம், பசிச்சவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை அது. அன்னைக்கு அவன் வாசலுக்கு வேற யார் வந்தாங்க என்று நம்மளைப் பார்த்துக் கேட்டுக்கணும்.

1877லும் ஆடி மாசம் வரைக்கும் மழை ஏமாத்தியது. ஆகஸ்டு 4ஆம் தேதி சென்னையில் பொதுக்கூட்டம் போட்டாங்க. கவர்னரே தலைமை. லண்டன் மேயருக்கும் மற்ற நகரங்களுக்கும் உதவி கேட்டுத் தந்தி போனது. லண்டன் மேயர் நிதி திறந்தார். சென்னையில் பத்திரிகை ஆசிரியரா இருந்த வில்லியம் டிக்பி என்பவர் நிதிக் கமிட்டிக்குச் செயலாளர். பிற்பாடு இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பாகம் புத்தகம் எழுதினவரும் அவர்தான்.

தந்தி போனதும் கல்கத்தாவுக்குக் கோபம். எங்களைக் கேட்காம எப்படிக் கை நீட்டலாம், உயிரைக் காப்பாத்துறது சர்க்கார் வேலை, அதில் தர்மக்காசு எதுக்கு என்று. கேட்டால் நியாயமான வாதம் மாதிரிதான் இருக்கு. ஆனா அந்த வேலையை ஒரு பவுண்டு தானியத்தில் முடிக்கப் பார்த்ததும் அதே சர்க்கார்தான். ஆகஸ்டு கடைசியில் லிட்டனே சென்னைக்கு வந்தார். பேச்சுவார்த்தைக்கு அப்புறம் ஒரு பாகப்பிரிவினை ஆச்சு. கஞ்சி ஊற்றி உயிரைக் காப்பாத்துறது சர்க்கார் பாடு. அநாதைப் பிள்ளைகள், முகாமுக்கு வர முடியாத பெண்கள், மானத்துக்குப் பயந்து கையேந்தாதவர்கள், இவங்களை எல்லாம் நிதி பார்த்துக்கும். அதோட முக்கியமான ஒரு வேலை, விழுந்த குடும்பத்தைப் பழையபடி எழுப்பி நிறுத்துறது.

அந்தக் கடைசி வேலையைப் படிச்சப்பதான் எனக்குப் பேராவூரணி அண்ணன் ஞாபகம் வந்தார். செப்டம்பர், அக்டோபரில் மழை வந்துடுச்சு. மழை வந்தால் பஞ்சம் தீர்ந்ததுன்னு பட்டணத்தில் நினைப்பாங்க. இல்லைங்க. மாடு செத்துப் போச்சு. ஏர்க்கட்டையை வித்துத் தின்னாச்சு. விதைத் தானியம் போன வருஷமே வயித்துக்குப் போயிடுச்சு. கூரை ஓலை மாட்டுக்குப் போயிடுச்சு. ஈரமான நிலத்தை வெறுங்கையோட பார்த்துக்கிட்டு நிக்கிறது, காய்ஞ்ச நிலத்தைப் பார்க்கிறதைவிடக் கொடுமை. நிதிக் கமிட்டி அந்த நேரத்தில் தாலுகா தாலுகாவா உள்ளூர்க் கமிட்டி போட்டு, விதைக்கும் மாட்டுக்கும் கூரைக்கும் துணிக்கும் குடியானவன் கையில் காசைக் கொடுத்தது. காசைக் கையில் கொடுத்தாக் குடிச்சு அழிச்சிடுவான் என்று இன்னைக்கும் பேசுற ஆட்கள் உண்டு. அன்னைக்கு நம்பிக் கொடுத்தாங்க, நிலம் மறுபடி உழவாச்சு.

குறை இல்லாமல் இல்லை. விதையும் மாடும் நிலம் இருக்கிறவனுக்குத்தான் பிரயோஜனம். பஞ்சத்தில் முதல்ல விழுந்தவன் நிலமில்லாத கூலிக்காரனும், தறி நின்னுபோன நெசவாளியும். அவனுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சித்தொட்டிதான். இந்தப் பாகுபாடு இன்னைக்கும் மாறலை. புயல் நிவாரணம்னா தோப்புக்காரனுக்கு மரக்கணக்கு உண்டு, தோப்பில் தேங்காய் பறிச்சுப் பிழைச்சவனுக்கு என்ன கணக்கு?

இன்னொரு விஷயமும் என்னை உறுத்தியது. ஹூப்பர் என்கிற பட்டாள அதிகாரி அந்தப் பஞ்சத்தில் எடுத்த படங்கள் இன்னைக்கும் கிடைக்குது. விலா எலும்பு தெரியக் குடும்பம் குடும்பமா உட்கார வச்சு, நிற்க வச்சு எடுத்த படங்கள். அந்தப் படங்கள் இல்லைன்னா நம்ம மூதாதைகள் பட்ட பாடு நமக்கே தெரிஞ்சிருக்காது, அது உண்மை. ஆனா அதில் ஒருத்தர் பேர்கூட நமக்குத் தெரியாது, எடுத்தவர் பேர் மட்டும் தெரியும். எங்க லாரியில் எடுத்த படங்களிலும் அப்படித்தான். எங்க பையன்கள் பேர் போட்டிருந்தது. மூட்டை வாங்கினவங்க பேர் யாருக்கும் தெரியாது.

ஆங்கிலேயர் நேரா ஆண்ட பகுதிகளில் மட்டும் இந்தப் பஞ்சத்தில் சுமார் 55 லட்சம் பேர் செத்தாங்க என்பது பொதுவாச் சொல்ற கணக்கு. 1880ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. அதை ஒட்டிப் பஞ்சச் சட்டத்தொகுப்பு வந்தது. எப்போ வேலை கொடுக்கணும், எவ்வளவு கூலி, யாருக்கு இலவசச் சோறு என்று எழுதி வச்சாங்க. எழுதி வச்சும் அதுக்கப்புறமும் பஞ்சங்கள் வந்தன. ஆனா, எவ்வளவு போதும் என்பதை ஒரு அதிகாரியோட மனநிலைக்கு விட்டுடக் கூடாதுன்னு பதிவாச்சே, அது கார்னிஷ் மாதிரி ஆட்கள் சண்டை போட்டதால் கிடைச்சது. அதனால் நிவாரணத்தைப் பற்றி வாக்குவாதம் வர்றப்ப, "உதவி செய்யறப்ப என்ன விவாதம்" என்று வாயை அடைக்கிறவங்க பக்கம் நான் இல்லை. சண்டை போடணும். என்ன கேக்குறாங்க, எவ்வளவு போதும், யாருக்கு வந்து சேரலை என்று கேட்டுச் சண்டை போடணும்.

நாங்க கஜாவுக்கு இரண்டாவது தடவையும் போனோம். போறதுக்கு முன்னாடி அந்த அண்ணனுக்குப் போன் போட்டு, என்ன வேணும்னு கேட்டோம். லாரி எடுக்கலை. எங்க ஊரில் மரம் அறுக்கிற மிஷின் வச்சிருக்கிற இரண்டு பேரையும், டீசலுக்குக் காசையும் கூட்டிக்கிட்டுப் போனோம். அஞ்சு நாள் தங்கி அறுத்தாங்க. தோப்பில் வேலை இல்லாமக் கிடந்த ஆட்களுக்குக் கட்டை சுமக்கிற கூலியையும் அந்தக் காசில் கொடுத்தோம். அந்தத் தடவை யாரும் செல்போனை வெளியே எடுக்கலை.

அந்தத் தோப்பில் வச்ச கன்னுகள் இப்போ காய்க்குது. போன மாசம் பஸ்ஸில் ஒரு மூட்டைத் தேங்காய் போட்டு விட்டிருந்தார். ஆயா இருந்திருந்தா ஒண்ணை உடைச்சு, அவசரமில்லாமத் தின்னச் சொல்லியிருக்கும்.