திருநாதர் குன்றின் ஐம்பத்தேழு நாள்கள்

எம் ஊராகிய மேல்பட்டாம்பாக்கம் சமவெளி. தென்பெண்ணையின் வண்டலும் கரும்புக் கொல்லைகளுமே கண்டு வளர்ந்த எனக்குப் பாறை என்பது நெடுங்காலம் சங்கப் பாட்டில் வரும் சொல்லாகவே இருந்தது. ஆதலால், ஆய்வு மாணவியாகச் செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் முதன்முறை ஏறி அமர்ந்த நாளை மறந்தேனில்லை. கோட்டையைக் காண வரும் கூட்டம் அப்பக்கம் திரும்புவது அரிது. உருண்டைப் பாறைகள், முட்புதர்கள், காற்று, வேறு அரவமில்லை. அதன்பின் பலமுறை சென்றுள்ளேன்.

அங்கே ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் வரிசைக்குப் பன்னிருவராகப் புடைப்புருவில் வீற்றிருக்கின்றனர். வந்தோர் பெரும்பாலும் அவ்வழகைக் கண்டு இறங்கிவிடுவர். என்னை மீண்டும் மீண்டும் அழைப்பதோ அக்குன்றின் கல்வெட்டு.

சந்திரநந்தி ஆசிரியர் என்னும் சமணத் துறவி 57 நாள்கள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த நிசீதிகை இது என்பதே அதன் செய்தி. அரசன் பெயரில்லை, ஆட்சியாண்டில்லை, கொடையுமில்லை. பிராமி வட்டெழுத்தாக மாறிவந்த நிலையைக் காட்டும் எழுத்தமைதி கொண்டு, கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். தமிழில் 'ஐ' என்னும் உயிரெழுத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று இங்குள்ளது. அதுவும் 'ஐம்பத்தேழு' என்னும் எண்ணின் முதலெழுத்தாக! எழுத்தியலார் அவ்வெழுத்தைப் போற்றுவர். நான் நினைப்பது எண்ணியவரை. நோற்றவர் தாமே பொறித்திருக்க இயலாது. யாரோ ஒருவர் அருகிருந்து, ஒவ்வொரு வைகறையிலும் மூச்சுளதா எனப் பார்த்து, நாளைக் கூட்டியிருக்க வேண்டும். அவ்வெண்ணே எனக்குக் கையறுநிலைப் பாட்டாகத் தோன்றுகிறது. நூற்றாண்டுகள் சில கழிந்தபின் இளைய பட்டாரர் என்பாரும் அங்கே 30 நாள்கள் நோற்று மறைந்தார். அதனையும் கல்லே கூறுகிறது.

கவிஞர்களாகிய நமக்குக் கபிலர் நினைவு வராமற் போகாது. பாரி மாய்ந்தபின் அவர் வடக்கிருந்தார் என்கிறது புறநானூற்றுக் கொளு. தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவலூர் வீரட்டானத்து இராசராசன் காலக் கல்வெட்டு. எது மெய்யாயினும், அவர் பெயரால் பெண்ணையாற்றில் நிற்கும் பாறையைத் தழுவிய நீரே கீழ்நோக்கி நம் பக்கம் வருகிறது.

நம் பக்கத்திலும் சமணர் இருந்தனர். கி.பி. 458இல் சர்வநந்தி 'லோகவிபாகம்' இயற்றிய பாடலிகம், திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலர் கருத்து. அவரது பிராகிருத மூலம் மறைந்தது. சிம்மசூரியின் வடமொழியாக்கமே எஞ்சியது. அப்பாடலியின் பள்ளிகளைப் பல்லவ மன்னன் இடித்துக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. பாதிரிப்புலியூருக்கும் அதிகைக்கும் இடையில்தான் எம் ஊர். அப்பள்ளிகளிலும் நோற்றோர் இருந்திருப்பர், எண்ணியோரும் இருந்திருப்பர் என்றே எண்ணுகிறேன். அவர்தம் நாட்கணக்கைத் தாங்க இங்குக் குன்றில்லை.

வட்டத்து நண்பர்கள் செஞ்சி செல்வதாயின், கோட்டையை நண்பகலுக்குள் முடித்துக்கொள்க. சாய்வெயில் படும்போதுதான் அவ்வெழுத்துகள் நன்கு புலப்படும்.