பன்னிரண்டு மணியும் பன்னிரண்டு மாதமும்

இணைய விளையாட்டு எந்தக் கட்டத்தில் அடிமைத்தனமாகிறது? இதற்குப் பத்தாண்டுக்குள் இரண்டு விடைகள் வந்தன. ஒன்று, தென் கொரியா 2011இல் நடைமுறைப்படுத்திய சட்டம். மற்றது, உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற ‘கேமிங் டிஸ்ஆர்டர்’.

கொரியாவின் அளவுகோல் கடிகாரம். 16 வயது நிரம்பாதவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆடக் கூடாது; அவர்களைத் தடுக்கும் பொறுப்பு விளையாட்டு நிறுவனங்களுக்கு. ‘சிண்டரெல்லா சட்டம்’ என்று அதற்குப் பட்டப்பெயரே வந்தது. பிள்ளைகளா அசருவார்கள்? அப்பா, அம்மாவின் குடியிருப்புப் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள். போதாக்குறைக்கு, கணினியை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. ஆட்டம் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தபோது பெரும்பாலும் கைகட்டி நின்றது. 2022 ஜனவரியோடு அதை நீக்கிவிட்டார்கள்.

ஐசிடி-11 மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் கைமீறிவிட்டதா, மற்ற ஈடுபாடுகளும் அன்றாட வேலைகளும் பின்னுக்குப் போய்விட்டனவா, கெடுதல் நேர்ந்த பிறகும் ஆட்டம் தொடர்கிறதா என்று கேட்கிறது. அதனால் குடும்பமோ படிப்போ வேலையோ கணிசமாகக் குலைந்திருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது இந்த நிலை நீடித்திருக்க வேண்டும். மிகக் கடுமையாக இருந்தால் முன்பே கண்டறியலாம்.

கோடை விடுமுறையில் விடிய விடிய ஆடிவிட்டு, பள்ளி திறந்ததும் மூட்டைகட்டிவிடும் பையன் கொரியக் கடிகாரத்தில் மாட்டுவான். மருத்துவர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மாலையில் மட்டுமே ஆடினாலும், அதற்காகத் தேர்வைக் கைவிட்டு, வீட்டில் பொய் சொல்லி மாதக்கணக்கில் திரிபவன் சட்டத்தின் கண்ணில் சமர்த்துப் பிள்ளை. ஆகவே நோயைக் கண்டறிய மருத்துவ அளவுகோலே சரி என்பேன்.

ஆனால் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் என் தராசு கொஞ்சம் சாய்கிறது. அத்தகைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தமிழ்நாடு 2025இல் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. விட்ட காசை விடிவதற்குள் பிடித்துவிடத் துடிப்பவன் வீட்டை அடகுவைக்க 12 மாதம் தேவையில்லை. அங்கே கடிகாரத்துக்கு வேலை இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், இணையப் பண ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.