சீமோன் வீட்டு மொட்டைமாடி

ஆம்பூர்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு பிரியாணிதான் ஞாபகம் வரும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது வேற வாசனை. பச்சைத்தோல், சுண்ணாம்பு, கழிவுத்தண்ணி எல்லாம் கலந்த டேனரி வாசனை. ரயில் ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா வந்து "வந்துட்டியாடா?"ன்னு கேக்கும். சென்னையில இன்ஜினியரிங் சேர்ந்த புதுசுல யாராவது "எந்த ஊரு?"ன்னு கேட்டா "வேலூர் பக்கம்"னு சொல்லித் தப்பிச்சிருக்கேன். எங்க தாத்தா டேனரியில வேலை பார்த்தவர்ங்கறதை மூணாவது வருஷம் வரைக்கும் ரூம்மேட்கிட்ட கூடச் சொன்னதில்லை.

இப்ப எதுக்கு இந்தக் கொசுவத்தின்னா, போன மாசம் ஊர்ல பள்ளிக்கூட நண்பனோட குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் சபைக்காரன் இல்லை, சாப்பாட்டுக்குப் போனவன்னே வெச்சுக்குங்க. பிரசங்கம் பண்ணவர் வயசான ஒரு ஐயர். (இங்க சபையில போதகரை ஐயர்னு கூப்பிடுவாங்க, குழம்பிடாதீங்க.) அவர் எடுத்துக்கிட்டது அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரம். பேதுரு மதிய நேரத்துல மொட்டைமாடிக்கு ஜெபம் பண்ணப் போறார். பசி. அப்ப ஒரு தரிசனம். வானத்துல இருந்து பெரிய துப்பட்டி மாதிரி ஒண்ணு இறங்குது, அதுக்குள்ள எல்லா வகை மிருகமும் இருக்கு. அடிச்சு சாப்பிடுன்னு ஒரு குரல். தீட்டானதை நான் சாப்பிட்டதே இல்லையேங்கறார் பேதுரு. கடவுள் சுத்தமாக்கினதை நீ தீட்டுன்னு சொல்லாதேன்னு பதில் வருது.

இது வரைக்கும் எல்லாரும் கேட்ட கதைதான் போல, பாதிப் பேர் விசிறிக்கிட்டு இருந்தாங்க. ஐயர் திடீர்னு, "அது யார் வீட்டு மாடி?"ன்னு கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கல. "தோல் பதனிடற சீமோன் வீடு. நம்மாளு வீடுய்யா அது!"ன்னார். ஷூ கம்பெனியிலயும் டேனரியிலயும் வேலை பாக்கற ஜனங்க நிறைஞ்ச கூடம் அது. முதல்ல சிரிப்பு. அப்புறம் ஒரு அமைதி. விசிறி எல்லாம் நின்னுடுச்சு.

அந்த அமைதி என்னை விடவே இல்லை. பெங்களூரு திரும்பினதும் ஒரு வாரம் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதோட சுருக்கம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

சீமோன் வீடு இருந்தது யோப்பாவில, கடலோரத்துல. பைபிளே அதைச் சொல்கிறது. தோல் பதனிட நிறையத் தண்ணீர் வேண்டும். நாற்றமும் ஊருக்குள் வரக்கூடாது. யூதர்களின் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. டேனரி ஊரை விட்டு 50 முழம் தள்ளித்தான் இருக்கணும், அதுவும் ஊருக்குக் கிழக்குப் பக்கம் மட்டும்தான்னு அதில் விதி இருக்கிறது. இன்னொரு இடத்தில், எப்படிப்பட்ட புருஷனாக இருந்தால் மனைவி விவாகரத்து கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு பட்டியல். அதில் தோல் பதனிடுகிறவனும் உண்டு. அதே பட்டியலில் அவனோடு சேர்த்து இன்னொருத்தன்: உடம்பெல்லாம் புண் வந்தவன். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வெச்சுக்குங்க. ரெண்டு பேரும் வேலூர்லயும் சந்திக்கப் போறாங்க.

நம்ம ஊர்லயும் இதே கணக்குதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு டேனரிகள் பாலாற்றை ஒட்டி வளர்ந்தன. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் சென்னை வழியா கப்பல் ஏறி லண்டன் போனது. 1970களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, குரோம் பதனிடுதலும் ஷூ கம்பெனிகளும் பெருகின. முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள். குழியில் இறங்கித் தோலைப் புரட்டினவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். பணம் ஊருக்கெல்லாம் வந்தது. 'தீட்டு' மட்டும் குழியில் இறங்கினவன் கையோட நின்னுடுச்சு.

இந்த ஜனங்க நடுவுலதான் பிரசங்கிகள் வந்தாங்க. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். இவர்களுடைய அப்பா ஜான் ஸ்கடர் 1819-ல் யாழ்ப்பாணம் பக்கம் வந்த அமெரிக்க டாக்டர். அந்த மிஷனின் கொள்கை கொஞ்சம் விசித்திரமானது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்தி ஆள் சேர்ப்பது வேண்டாம், சந்தையிலும் தெருவிலும் மக்கள் பேசுகிற மொழியில் பிரசங்கம் செய்வதே முதல் வேலை என்று முடிவெடுத்தார்கள். அதே குடும்பத்தின் பேத்தி ஐடா ஸ்கடர்தான் 1900-ல் வேலூர்ல ஆரம்பிச்ச சின்ன மருத்துவ வேலை இன்னிக்கு சி.எம்.சி. அந்த நிறுவனத்தோட கொள்கை வாசகமே ஒரு பைபிள் வசனத்துல இருந்து எடுத்ததுதான்: பணிவிடை வாங்கிக்க இல்லை, செய்ய வந்தோம்ங்கற அர்த்தத்துல. இன்னொரு பக்கம் மிசோரி லூத்தரன் மிஷன் 1895-ல் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஆம்பூருக்கும் வந்தது. இன்றைக்கும் இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் ஒரு பிரிவுக்கே ஆம்பூர் பெயர்தான்.

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரசங்கம்னா எல்லாமே மருந்துன்னு நினைச்சிடாதீங்க. விஷமும் உண்டு.

லேவியராகமம் 13-ம் அதிகாரம் குஷ்டரோகத்தைப் பற்றிப் பேசுகிறது. நோயாளி தீட்டானவன், பாளயத்துக்கு வெளியே தனியாக இருக்கவேண்டும். இதை வெச்சு, குஷ்டம்ங்கறது பாவத்தோட அடையாளம்னு உலகம் பூரா எத்தனையோ மேடையில பேசியிருக்காங்க. நம்ம ஊரில் பூர்வஜென்மக் கர்மான்னு ஏற்கெனவே ஒரு கதை ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு நோயாளி ரெண்டு பக்கமும் அடி வாங்கினான். வட ஆற்காடு தொழுநோய் நிறைய இருந்த மாவட்டம்ங்கறதால இது வெறும் உவமை இல்லை. கேட்டுக்கிட்டு இருந்தவங்களோட அண்ணனோ அத்தையோ அந்த நோயோட திண்ணையில படுத்திருந்திருக்கலாம்.

இதை எதிர்த்து எழுதினவங்கள்ல ஒருத்தர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் நிபுணர், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் பல வருஷம் வேலை பார்த்தவர், சி.எம்.சி.யின் முதல்வராகவும் இருந்தவர், நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். பைபிளில் சொல்லும் 'குஷ்டம்' பற்றி 1961-ல் தனியாக ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொன்னது இதுதான்: பைபிள் சொல்லும் நோயும் இன்று நாம் பார்க்கும் தொழுநோயும் ஒன்றல்ல. இதுக்கு எனக்குப் பிடிச்ச ஆதாரம் அந்த அதிகாரங்களிலேயே இருக்கு. அதே 'குஷ்டம்' துணிக்கும் வரும், வீட்டுச் சுவருக்கும் வரும், தோல் சாமானுக்கும் வரும்! கிருமியால் நரம்பில் வரும் நோய் எப்படிய்யா செவுத்துக்கு வரும்? ஒரு மொழிபெயர்ப்புச் சொல் எத்தனை குடும்பத்தை ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும்னு நினைச்சா பகீர்ங்குது. நம்ம கோடுல ஒரு வேரியபிளுக்குத் தப்பா பேர் வெச்சா ரெண்டு நாள் தலைவலி. இது பல நூறு வருஷத் தலைவலி.

காக்ரேன் வேலூருக்குக் கூப்பிட்டவர்தான் பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரிகளின் பிள்ளை. ஒன்பது வயசில் படிக்க இங்கிலாந்து போய், சர்ஜனாகி, 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டில் மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார். அவன் அழுத்தின அழுத்தில் இவருக்குக் கை வலித்தது. அப்பத்தான் பொறி தட்டுச்சு. கை முழுசும் செத்துப்போகலை, சில தசைகள் இன்னும் பலமாகவே இருக்கு. அந்த நல்ல தசைகளின் நாணை மாற்றித் தைத்தால் மடங்கின விரலை நிமிர்த்தலாம். அப்படியே செய்தும் காட்டினார். விரல்கள் நோயால் 'உதிர்வது' இல்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்கின்றன என்பதையும் நிறுவினார். ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாது என்று கண்டுபிடித்த பிறகு, நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். சத்தியமா நடந்தது.

அவர் பிற்பாடு தன் எழுத்தில் நினைவுகூர்ந்த ஒரு மாலை இருக்கிறது. வேலூரில் தொழுநோயாளிகள் கூடி ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்கள். பிராண்ட் வந்து பின்னால் உட்காருகிறார். பேசச் சொல்லிக் கேட்கிறார்கள். தயாரிப்பு எதுவும் இல்லை. எழுந்து நின்று சுற்றிலும் பார்க்கிறார். எங்கு பார்த்தாலும் மடங்கின கைகள், விரல் இல்லாத கைகள், பாதிப் பேர் துணிக்குள்ளே மறைத்துவைத்த கைகள். அவரோ கை சர்ஜன். அதனால் இயேசுவின் கைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முதலில் குழந்தைக் கை. அப்புறம் தச்சன் கை, காய்ப்பு ஏறினது, வெட்டுக்காயம் பட்டது. அப்புறம் நோயாளியைத் தொட்ட கை. அப்புறம் ஆணி இறங்கின கை. ஆணி இறங்கினால் நரம்பு அறுபடும், விரல்கள் தானாகவே மடங்கிக்கொள்ளும் என்பது ஒரு சர்ஜனுக்குத் தெரியும். அதாவது அந்தக் கையும் உங்க கை மாதிரி ஆச்சு. கடைசியாக உயிர்த்தெழுந்த கை. எல்லாம் சரியான பிறகும் தழும்பை மட்டும் வைத்துக்கொண்டார், தோமாவுக்கு அதைத்தான் காட்டினார்.

பேசி முடித்தபோது மறைத்துவைத்திருந்த கைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. விரல் இல்லாத கைகள் கும்பிட்டன. அதை மறைக்க யாரும் முயற்சிக்கவில்லை.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். இந்தப் பிரசங்கம் அன்னிக்கு ராத்திரியோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். ஆபரேஷன் ஆனவர்கள் தச்சு வேலை கத்துக்க நவஜீவ நிலையம் என்று ஒரு சின்னக் குடியிருப்பு வந்தது. உணர்ச்சி இல்லாத பாதத்தில் புண் வராமல் இருக்க என்ன செருப்பு போடலாம் என்று வருஷக்கணக்கில் பரிசோதித்து, நுண்துளை ரப்பர் போட்ட செருப்பு செய்தார்கள். அதுதான் நம்ம ஊர் சுகாதார நிலையங்கள்ல எம்.சி.ஆர். செருப்புன்னு சொல்றது. தோல் ஊர்ல வெறும் மேடைப்பேச்சு பத்தாது, காலுக்குச் செருப்பும் வேணும்.

பழைய பட்டியல் ஞாபகம் இருக்கா? புண் வந்தவனும் தோல்காரனும். இந்தியாவுல கூட தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம்ங்கற சட்டப்பிரிவை நீக்கினது 2019-லதான். தோல்காரன் பட்டியல் இன்னும் எழுதப்படாமலே ஓடிக்கிட்டு இருக்கு.

உடனே "அப்ப டேனரி கழிவையும் புனிதம்னு சொல்லுவியா"ன்னு கேக்காதீங்க. பாலாற்றை நாசம் பண்ணினதும் இதே தொழில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவனே அதுக்கு விலை கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆத்துல கலந்த குரோமியம் அழுக்குதான், அதைக் கழுவியே ஆகணும். ஆனா அதுல முதல்ல செத்தவனையே அழுக்குன்னு சொல்றது வேற கணக்கு. சீமோன் கதை பிரிச்சுக் காட்டறது இந்த ரெண்டையும்தான்.

படிச்சதுல எனக்குப் புரிஞ்சது ரொம்ப சிம்பிள். ஒரே புஸ்தகம்தான். அதை வெச்சு ஒருத்தனை ஊருக்கு வெளியே நிறுத்தவும் முடிஞ்சிருக்கு, உள்ளே கூட்டிட்டு வரவும் முடிஞ்சிருக்கு. எதுன்னு தீர்மானிக்கிறது, பேசறவர் எதிர்ல உக்காந்திருக்கறவன் கையைப் பார்த்துட்டுப் பேசறாரா இல்லையாங்கறதுதான். பிராண்ட் பார்த்தார். எங்க ஊர் ஐயரும் பார்த்தார்.

எங்க தாத்தா கை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சுண்ணாம்புக் குழியில வருஷக்கணக்கா வெந்து, நகமெல்லாம் மஞ்சளா, உள்ளங்கை வெடிச்சுக் கிடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனா துண்டை மடிச்சு அதுக்குள்ள ரெண்டு கையையும் வெச்சுக்குவார். பந்தியில மட்டும்தான் வெளியே எடுப்பார். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவர் என் தலையில கை வெச்சதில்லை, தலையணை வாசம் வந்துடும்பார். அந்தச் சம்பளத்துலதான் எங்கப்பா படிச்சார், எங்கப்பா சம்பளத்துல நான் படிச்சேன்.

அன்னிக்கு ஞானஸ்நானச் சாப்பாட்டுல பக்கத்து இலைக்காரர் ஒரு பெரியவர். "தம்பி யாரு வூட்டுப் புள்ள?"ன்னு கேட்டார். தாத்தா பேரைச் சொல்லி, அவர் வேலை பார்த்த டேனரி பேரையும் சொன்னேன். "அட, நம்ம செட்டு!"ன்னு எச்சில் கையோட தோள்ல தட்டினார். சட்டையில குழம்புக் கறை. இன்னும் போகலை.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு தொழிலும், சொல்லாம மறைச்ச ஒரு தாத்தாவும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.