இறந்தவர் சொல்லைக் காத்த வழக்கு

வக்கீல் என்றாலே நம்மில் பலருக்கு வாய்தாவும் செலவும்தான் நினைவுக்கு வரும். செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் பத்திரங்கள் நிறைந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, தம் பெயர் கூப்பிடும் நேரத்தை எதிர்நோக்கிக் காத்திருப்போரைப் பார்த்திராதவர் நம் பங்கில் எவரும் இரார். அவர்களுள் பெரும்பாலோர் களவோ கொலையோ செய்து வந்தவர்கள் அல்லர். வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, உயில், கடன் பத்திரம் என்று சிவில் வழக்குக்காக வந்தவர்களே. இந்த வழக்குகளை நடத்துவோரின் தொழிலால் ஊருக்கு என்ன நன்மை விளைந்தது என்று கேட்டால், பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்லலாம். நம் யூபிலி மலரில் அதை நினைவுகூர விரும்புகிறோம். அந்த வரலாறு நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவோடு தொடர்புடையது என்பது நமக்குப் பெருமை.

பச்சையப்பர் எழுதிய உயில்

பெரியபாளையம் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. முன்னாளில் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1754-ஆம் ஆண்டு பிறந்தவர் பச்சையப்ப முதலியார். தந்தை முகம் அறியாத பிள்ளை. தாயார் வறுமையோடு சென்னை வந்து சேர்ந்து, ஆதரவு தந்த நாராயண பிள்ளை என்னும் நல்லவரின் துணையால் மகனை வளர்த்தார். அப்பிள்ளை துபாஷித் தொழில் கற்று, வணிகத்திலும் கொடுக்கல் வாங்கலிலும் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளைத் தரும காரியங்களுக்கென்று 1794-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உயில் எழுதி வைத்தார். அம்மாதமே திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது சுமார் நாற்பது.

எழுதியவர் போய்விட்டார், காகிதம் நின்றது. ஆனால் காகிதத்திற்கு வாய் ஏது? பொருள் இருக்கும் இடத்தில் பிணக்கும் இருக்கும். உறவினர் ஒரு புறம், பொறுப்பேற்றவர் மறு புறம் என்று காலம் ஓடியது. தருமத்திற்கென்று வைத்த பணம் வழக்கிலே கிடந்து வட்டியோடு வளர்ந்தது. தருமம் மட்டும் வளரவில்லை.

யார் வழக்குத் தொடுப்பது?

சிவில் வழக்கில் ஓர் அடிப்படை விதி உண்டு. யாருக்கு உரிமை உண்டோ, அவரே வாதியாக வந்து கேட்க வேண்டும். நிலத்தைப் பறிகொடுத்தவன் பிராது கொடுப்பான். கடன் கொடுத்தவன் பணம் கேட்டு வருவான். ஆனால் பொதுத் தருமம் பாழானால் கேட்பவர் யார்? கொடுத்தவர் கல்லறையில் அல்லது சுடலையில். பயன்பெற வேண்டிய ஏழையோ, தனக்கு அப்படி ஒரு பங்கு உண்டென்றே அறியாதவன். இந்த இக்கட்டைத் தீர்க்க ஆங்கில நாட்டுச் சட்டம் ஒரு வழி வகுத்திருந்தது. அரசின் தலைமை வழக்கறிஞரே, பொதுத் தருமங்களின் சார்பில் நீதிமன்றத்தின் முன் வந்து நிற்கலாம் என்பதே அந்த வழி.

சென்னையில் 1801-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் ஏற்பட்டது. அங்கே வாதாடியவர்கள் இங்கிலாந்தில் பயின்று பட்டம் பெற்ற பாரிஸ்டர்கள். செங்கல்பட்டுக் கிராமத்தான் வழக்குக்கு வேறு நீதிமன்றங்கள் இருந்தன. 1862-இல் ஹைகோர்ட் தோன்றியபோதுதான் இரு கிளைகளும் ஒன்றாயின. அந்தப் பழைய சுப்ரீம் கோர்ட்டில் அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் ஹெர்பர்ட் காம்ப்டன், பச்சையப்பர் தருமத்தின்மீது கருத்தைச் செலுத்தினார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பில் அமர்ந்த ஜார்ஜ் நார்ட்டன் அவ்வழக்கைக் கைவிடாது நடத்தினார்.

பாரிஸ்டர் நார்ட்டன்

நார்ட்டன் வெறும் கூலிக்கு வாதாடியவர் அல்லர். சட்டம், அரசாட்சி பற்றி நம் நாட்டு இளைஞர்களுக்குச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாகவும் வெளிவந்தன. 1839-ஆம் ஆண்டு, உயர்கல்வி வேண்டுமென்று சென்னை மக்கள் சுமார் 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் கொண்டு சேர்த்தவர் அவரே. 1841-இல் திறக்கப்பட்டுப் பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னால் அவர் உழைப்பும் உண்டு.

இத்தகைய மனிதரின் கையில் பச்சையப்பர் உயில் சேர்ந்தது. சிவில் பாரிஸ்டரின் வேலையில் ஆரவாரம் இல்லை. பழைய கணக்கைப் புரட்ட வேண்டும். பணம் யாரிடம் இருந்தது, வட்டி எங்கே போனது என்று கேட்க வேண்டும். உயிலின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் காண வேண்டும். இறுதியாக, எழுதியவர் மனம் என்னவாக இருந்தது என்று நீதிபதிக்கு எடுத்துரைக்க வேண்டும். இவ்வழக்கிலே கோவில் தருமங்களுக்கு உரியது அவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. அதுபோக மிஞ்சியிருந்த பெருந்தொகையைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்று நீதிமன்றம் வழி திறந்தது.

1842-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னைக் கறுப்பர் நகரத்தில் பச்சையப்பர் பெயரால் பள்ளி தொடங்கிற்று. உயில் எழுதியது 1794. பள்ளி திறந்தது 1842. இடையே 48 ஆண்டுகள்! ஒரு பொன்விழாவுக்கு இரண்டே ஆண்டு குறைவு. 1846-இல் நம் ஜில்லாவின் காஞ்சிபுரத்திலும் பள்ளி ஏற்பட்டது. அதே ஆண்டு சென்னையில் பச்சையப்பன் மண்டபத்திற்கு அடிக்கல் நாட்டி, 1850-இல் திறந்தார்கள். ஏதென்ஸ் நகரத்துப் பழங்கோவில் ஒன்றை ஒத்த தூண்களோடு, பின்னாளில் எழுந்த ஹைகோர்ட்டுக்கு எதிரே அது நிற்கிறது. பள்ளி 1889-இல் கல்லூரியாக உயர்ந்தது. கணித மேதை இராமானுஜன் அங்கே பயின்றார். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையாகிய அறிஞர் அண்ணாவும் பச்சையப்பன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, 1967-இல் முதலமைச்சரானார்.

திறந்த கதவும் மூடிய கதவும்

வரலாறு எழுதுவோர் ஒரு பக்கத்தை மறைக்கலாகாது. இந்து ஒருவரின் தருமம் என்ற காரணத்தால், 1947 வரை பச்சையப்பன் கல்லூரியில் இந்து மாணவர்களுக்கே இடமிருந்தது. நம் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் வெளியேதான் நின்றார்கள். உயிலை எழுத்துப்படி காப்பதா, எழுதியவரின் பரந்த மனத்தைக் காப்பதா என்பது சிவில் சட்டத்தில் என்றும் உள்ள கேள்வி. அதற்கு விடை காண இந்த ஒரு கதவுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதிலே ஒரு வியப்பும் உண்டு. நம் கத்தோலிக்க மாணவர் சேர முடியாத அதே கல்லூரிக்கு, 1921-ஆம் ஆண்டு முதல்வராக வந்தவர் ஒரு கத்தோலிக்கர். அவர்தாம் பாரிஸ்டர் மரியதாஸ் இரத்தினசாமி. 1885-இல் சென்னையில் பிறந்து, இங்கிலாந்தில் பயின்று திரும்பியவர். பின்னர் சென்னைச் சட்டக் கல்லூரிக்கும் முதல்வராகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். மாணவனுக்கு மூடிய கதவு ஆசிரியருக்குத் திறந்திருந்தது!

நமக்கு என்ன?

பாரிஸ்டர் என்றும் வக்கீல் என்றும் இருந்த வேறுபாடு இன்று இல்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி எல்லோரும் வழக்கறிஞரே. ஆனால் நார்ட்டன் செய்த வேலை சட்டப் புத்தகத்தில் நிலைத்துவிட்டது. 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவைப் பாருங்கள். பொதுத் தருமச் சொத்து பாழானால், அதில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வழக்குத் தொடரலாம். முன்பு அதற்கு அட்வகேட் ஜெனரலின் ஒப்புதல் வேண்டும்; 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால் போதும். கணக்குக் கேட்கலாம், தவறிய தருமகர்த்தாவை நீக்கக் கோரலாம், தருமத்தை நடத்த நல்ல திட்டம் வகுத்துத் தரக் கேட்கலாம். பெரிய பாரிஸ்டர் செய்ததை இன்று சாதாரண இருவர் செய்ய முடியும்.

நாம் வணங்கும் ஆலயமும் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் நம் முன்னோர் அடக்கமான கல்லறைத் தோட்டமும் யாரோ ஒருவர் மனமுவந்து கொடுத்த இடங்களே. அவர் இன்று பேச மாட்டார். அவர் எழுதிய பத்திரமே பேசும். எரேமியா இறைவாக்கினர் அனதோத்து நிலத்தைப் பதினேழு வெள்ளிக்காசுக்கு வாங்கியபோது, சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார் என்று வேதாகமத்தில் வாசிக்கிறோம். ஊர் முற்றுகையிடப்பட்டிருந்த நேரத்திலும் பத்திரத்தை அவர் அலட்சியம் செய்யவில்லை.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நாம் ஒன்று செய்வோம். வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பார்த்து, பட்டாவில் உள்ள பெயர் சரியா என்று கவனிப்போம். உயில் எழுத வேண்டியவர்கள், புத்தி தெளிவாய் இருக்கும்போதே, இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி வைப்போம். தருமத்திற்கு எழுதுபவர், யாருக்காக, எதற்காக என்று ஐயமற எழுதட்டும். நமக்குப் பின் நம் சொல்லைக் காக்க ஒரு நார்ட்டன் வருவார் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். அவர் வந்தும் பச்சையப்பர் 48 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.